வாசகர் கேள்வி பதில்: இடிந்த ஆலயமும் கல்லில் இல்லாத பெயர்களும்

சென்ற இதழில் கூரையிழந்த தோட்டத்து ஆலயம் ஒன்றின் படத்தை வெளியிட்டிருந்தோம். அதைப் பார்த்துவிட்டு மலையகத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வாசகர்கள் எழுதிய கடிதங்களில் ஐந்தை இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலே, தேயிலை மலை முடியும் இடத்தில், இடிந்த ஆலயம் ஒன்று இருக்கிறது. நான்கு சுவர்களும் முன்வாசல் வளைவும் மட்டுமே மிச்சம். சுற்றிலும் இருபது கல்லறைகள் வரை உள்ளன. எல்லாவற்றிலும் ஆங்கிலப் பெயர்கள். பெரியவர்கள் அதனைத் ‘துரைமார் கோயில்’ என்கிறார்கள். எங்கள் பாட்டன், பூட்டன் எல்லோரும் கிறிஸ்தவர்கள். அதே ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அந்த ஆலயம் ஏன் இப்படிப் பாழடைந்தது? எங்கள் ஆட்களில் ஒருவருக்குக்கூட அங்கே கல்லறை இல்லாதது ஏன்?
– டிக்கோயா வாசகர்

பதில்: உங்கள் இரண்டாவது கேள்விதான் கனமானது. முதற்கேள்விக்கு விடை சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

மலையகத்தின் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஆலயங்களில் பெரும்பாலானவை கோப்பிப் பயிர் காட்டை அழித்துக்கொண்டு மேலேறிய 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் அதற்குப் பின்னரும் எழுந்தவை. ஒருவர் பங்களாவிலிருந்து மற்றவர் பங்களாவுக்குப் பல மைல் குதிரையில் போகவேண்டியிருந்த அக்காலத்தில், துரைமார் என்ற வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களில் ஒருவர் நிலம் கொடுக்க, இன்னொருவர் மரம் கொடுக்க, மற்றவர்கள் பணம் சேர்க்க, தமக்கென ஆலயங்களைக் கட்டிக்கொண்டார்கள். நுவரெலியாவின் பரிசுத்த திரித்துவ ஆலயம் 1852இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. உங்கள் பகுதியில் இன்று காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கும் வார்லி ஆலயம் 1878இல் கட்டப்பட்டது. அவை இரண்டும் இன்றும் வழிபாட்டில் இருக்கின்றன. அவற்றைப்போல் தப்பாதவைதாம் நீங்கள் பார்க்கும் மொட்டைச் சுவர்கள்.

பாழடைந்ததற்குக் காரணம் ஒன்றல்ல. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைத் துருநோய் கண்டறியப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழில் சரிந்து, எத்தனையோ துரைமார் கடனோடு ஊர் திரும்பினார்கள். ஆங்கிலத் திருச்சபைக்கு அரசு கொடுத்துவந்த மானியத்தை நிறுத்துவதற்கு 1881இல் வழி செய்யப்பட்டது. தேயிலை வந்து சில சபைகளுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. ஆனால் சுதந்திரத்துக்குப் பின் ஐரோப்பியத் துரைமார் படிப்படியாகக் குறைந்தார்கள், 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. இதுவரை எல்லோரும் சொல்வதுதான். பலர் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு. 1964ஆம் ஆண்டு இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாகி, அடுத்த ஆண்டுகளில் குடும்பம் குடும்பமாக நம்மவர்கள் தலைமன்னாரில் கப்பலேறியபோது, அந்த ஆலயங்களில் தமிழில் பாடிய சபையாரும் அவர்களோடு போனார்கள். துரை போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை மணியடித்தவர், ஓட்டைத் தகரத்துக்குத் தார் பூசியவர், முற்றத்தில் மானாப்புல் வெட்டியவர் எல்லாம் அவர்கள்தாம். பல ஆலயங்கள் இடிந்தது துரைமார் போனதாலன்று, இவர்கள் போனதால் என்பதே என் எண்ணம்.

கூரைத் தகரம் ஒருமுறை காற்றில் பறந்தால் மீதியை மழை பார்த்துக்கொள்ளும். வட்டவளைப் பக்கத்தில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. கருங்கல் அதைத் தாங்கும். கற்களுக்கிடையிலுள்ள சுண்ணாம்புச் சாந்து தாங்காது. சாந்து கரைந்த இடுக்கில் பறவையெச்சத்தோடு ஆலம்விதை விழுந்தால், அந்த வேர் பிறகு சுவரைப் பிளக்கவும் செய்யும், சில இடங்களில் சுவர் விழாதபடி பிடித்துக்கொண்டிருக்கவும் செய்யும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களில் பெரும்பகுதியினர் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, அது முடிந்ததும் திரும்பிப் போனவர்கள். அவர்களில் இறந்தவர்கள் பலர் மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்த காட்டுப் பாதையில், வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்து, விழுந்த இடத்திலேயே விடப்பட்டவர்கள். ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்கவேண்டிய தேயிலை வந்த பிறகுதான் குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. அப்போதும், கல் வெட்டிப் பெயர் பொறிக்கும் செலவு நாட்சம்பளக்காரரின் கைக்கு எட்டாதது. பல தோட்டங்களில் தொழிலாளருக்கென்று மலையோரத்தில் தனி இடுகாடு ஒதுக்கப்பட்டது; கிறிஸ்தவராயினும் அங்கேதான் அடக்கம். ஆலய வளவுக்குள்ளேயே இடம் கிடைத்தவர்களுக்கும் மேடும் மரச்சிலுவையும்தான். மலையக மழையில் மரச்சிலுவை எத்தனை ஆண்டு நிற்கும்?

ஜேம்ஸ் டெயிலரை நினைத்துப் பாருங்கள். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட அவர் 1892 மே மாதம் இறந்து, கண்டி மகியாவை மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மலையிலிருந்து கண்டி வரை அவருடைய உடலை இருபத்துநான்கு தொழிலாளர்கள், பன்னிருவர் பன்னிருவராக மாறி மாறித் தோளில் சுமந்து வந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. டெயிலரின் பெயரும் தொழிலும் வயதும் கல்லில் இருக்கின்றன. சுமந்தவர்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை.

ஆகையால் ‘எங்கள் ஆட்களுக்குக் கல்லறை இல்லை’ என்று எழுதாதீர்கள். கல் இல்லை என்பதுதான் சரி. அடுத்தமுறை மேலே போகும்போது காலை ஏழு, எட்டு மணிக்கு, வெயில் சாய்ந்து விழும் வேளையில், கற்களுக்கு இடையிலுள்ள நிலத்தைப் பாருங்கள். ஆறடி நீளமும் இரண்டடி அகலமுமாக, கிழக்கு மேற்காக, ஒன்றுக்கொன்று இணையாகச் சிறு தாழ்வுகள் தெரியலாம். கிறிஸ்தவ வழக்கப்படி தலை மேற்கிலும் பாதம் கிழக்கிலுமாக அடக்கம் செய்வார்கள். உள்ளே பெட்டி உக்கியதும் மேல்மண் இறங்கிவிடும். அந்தத் தாழ்வு ஒவ்வொன்றும் ஓர் ஆள். நான் பார்த்த ஒரு வளவில் பெயர்க்கற்களைவிட இத்தகைய தாழ்வுகளே அதிகம். அவற்றில் சில என் முழங்கை நீளம்தான் இருந்தன.

கேள்வி: பொகவந்தலாவை ஆலய வளவில் உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஒருவர் புதைக்கப்பட்டிருக்கிறாராமே, உண்மையா?
– பொகவந்தலாவை மாணவி

பதில்: உண்மை. ஜூலியா மார்கரெட் கமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1875இல் கணவரோடு இலங்கையில் குடியேறி, 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள தோட்டத்தில் காலமானார். அவரையும், அடுத்த ஆண்டு இறந்த அவருடைய கணவர் சார்ல்ஸ் ஹே கமரனையும் புனித மரியாள் ஆலய வளவில் அடக்கம் செய்தார்கள். பிரித்தானியர் காலத்து இலங்கை நிர்வாகத்தை மாற்றியதாக வரலாற்றுப் பாடத்தில் நீங்கள் படிக்கும் கோல்புறூக் – கமரன் சீர்திருத்தத்தின் கமரன் அந்தக் கணவர்தான். அந்த அம்மையார் இலங்கையில் எடுத்த படங்களில் களுத்துறைக் கிராம மக்களும் தமிழ்ப் பெண்களும் இருக்கிறார்கள். முகங்கள் அத்தனை தெளிவாக இருக்கின்றன, பெயர்கள்தாம் பெரும்பாலும் குறிக்கப்படவில்லை. அந்தக் கல்லறையைப் பார்க்கப் போகும்போது அந்த முகங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இப்படிப்பட்ட பழைய ஆலயத்தை இடித்துக் கல்லை அள்ளிக்கொண்டு போவதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறதா? எங்கள் பக்கத்தில் வீட்டு அத்திவாரத்துக்கு அந்தக் கற்களை எடுக்கிறார்கள்.
– பதுளை வாசகர்

பதில்: 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றைத்தான் தானாகவே காக்கிறது. அது கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். தோட்டத்து ஆலயங்கள் எல்லாம் அதற்குப் பிந்தியவை ஆதலால், அவற்றைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக வர்த்தமானியில் (அரசிதழில்) தனியே அறிவிக்கவேண்டும். அதற்கான வேண்டுகோளைத் தொல்பொருள் திணைக்களத்துக்கு எவரும் எழுதலாம். நிலப்படமும் படங்களும் கிராம உத்தியோகத்தரின் கடிதமும் இணைத்தால் நல்லது. நிலம் திருச்சபைக்குரியதா, தோட்டத்துக்குரியதா என்பதை முதலில் மறைமாவட்ட அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடக்கம் நடந்த நிலம் இடிந்த கட்டடத்தைப் போன்றதன்று. அங்கே அனுமதியில்லாமல் எவரும் தோண்டக்கூடாது. கல் எடுப்பவர்கள் நம்மவர்கள், வீடில்லாதவர்கள் என்பதையும் அறிவேன். அவர்களோடு சண்டை பிடிக்காமல், அந்தத் தாழ்வுகளைக் காட்டி, யாருடைய தலைமாட்டில் நிற்கிறோம் என்று சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் இளைஞர் கழகம் கல்லறைத் திருநாளுக்கு முன்பாகப் பழைய ஆலய வளவைச் சிரமதானம் செய்து சுத்தப்படுத்தத் தீர்மானித்திருக்கிறது. கம்பித் தூரிகையால் கற்களைத் தேய்த்து, விழும் நிலையிலுள்ள சுவருக்குச் சீமெந்து பூசலாமா? ஒரு கல்லில் தமிழ் எழுத்துகளும் புரியாத குறிகளும் உள்ளன. அவற்றை எப்படி வாசிப்பது?
– பண்டாரவளை வாசகர்

பதில்: உங்கள் கழகத்தை மனமார வாழ்த்துகிறேன். கம்பித் தூரிகையை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் நானும் சில நண்பர்களும் ஒரு வளவில் இதே வேலைக்கு இறங்கினோம். சிறிய கல் ஒன்று. இரண்டு கையால் தூக்கிவிடக்கூடிய அளவுதான். மேலே கற்பாசி வெள்ளையும் மஞ்சளுமாகப் படர்ந்திருந்தது. மலையில் புல் செதுக்கும் சுரண்டி ஒன்று கையிலிருந்தது. நானே அதை வைத்து மெதுவாக இழுத்தேன். பாசியோடு கல்லின் மேற்பொருக்கும் அப்பளம்போலக் கழன்று வந்தது. அதன் பின்பக்கத்தில் அரை எழுத்து இருந்தது. ‘வயது’ என்ற சொல் மட்டும் கல்லில் மிஞ்சியது. அதற்கடுத்த எண் என் உள்ளங்கையில் தூளாகிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு எத்தனை வயது என்பதை இனி எவராலும் அந்தக் கல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதை நான் மறக்கவில்லை.

நம் மலைக் கற்களில் பல அடுக்கடுக்கானவை. அவற்றின் மேற்பொருக்கைப் பாசியே பிடித்துக்கொண்டிருக்கும் இடங்களும் உண்டு. வெள்ளைச் சலவைக்கல்லோ மழையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, தேய்த்தால் மாவாகும். ஆகவே கம்பி, சவர்க்காரத்தூள், அமிலம், சுண்ணக்கட்டி எதுவும் வேண்டாம். ஒரு போத்தல் சுத்தமான தண்ணீர் போதும். கல்லை நனைத்துவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை எடுத்து, சூரிய ஒளியைப் பக்கவாட்டிலிருந்து கல்லின்மேல் சாய்த்து விழச் செய்யுங்கள். பள்ளத்தில் நிழல் விழும். கண்ணுக்குத் தெரியாதிருந்த எழுத்து எழும்பி வரும். கைத்தொலைபேசியில் படமெடுத்து, கல் இருக்கும் இடத்தையும் ஒரு வரைபடத்தில் குறித்துவிடுங்கள். சாய்ந்த கல்லை நிமிர்த்தப் போகாதீர்கள்.

சீமெந்தும் வேண்டாம். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும் தன்மையுள்ளது. அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, சில ஆண்டுகளில் பூச்சோடு கல்லின் முகமும் விழும். சுவரில் முளைத்த ஆலையும் அரசையும் பிடுங்கக்கூடாது. வேரோடு கல்லும் வரும். அடியில் அறுத்துவிட்டு, அது மறுபடி துளிர்க்கத் துளிர்க்க வெட்டிக்கொண்டே இருங்கள். சுவர் சாய்ந்திருந்தால் பிள்ளைகள் பக்கத்தில் போகாதபடி கயிறு கட்டுவதே அந்த நாளுக்குப் போதுமான திருப்பணி. புல்லை வெட்டுங்கள், கொத்தாதீர்கள். காரணம் முதற்பதிலில் இருக்கிறது.

அந்தக் குறிகள் நீங்கள் நினைப்பதுபோல் மந்திரமோ கிரந்தமோ அல்ல என்றே நினைக்கிறேன். பழைய தமிழ்க் கணக்கேடுகளிலும் கல்லறைகளிலும் ஆண்டைக் குறிக்க ௵ என்றும், மாதத்துக்கு ௴ என்றும், நாளுக்கு ௳ என்றும் எழுதுவார்கள். எண்ணுக்குப் பிறகு இவற்றில் ஒன்று வந்தால் அது திகதி. எண்ணே தமிழில் இருந்தால் ௧ ஒன்று, ௮ எட்டு, ௯ ஒன்பது. ஆகவே ‘௧௮’ என்று தொடங்கினால் பெரும்பாலும் 1800களின் ஆண்டுதான். ‘னை’, ‘லை’, ‘ணை’ என்ற எழுத்துகளில் முன்னால் தனிக்கொம்பு இல்லாமல், மேலே யானைத் தும்பிக்கைபோல வளைந்திருக்கும். சில கற்களில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. உரக்க வாசித்துப் பாருங்கள்; கண் தடுமாறும் இடத்தில் காது பிடித்துக்கொள்ளும். தமிழில் பெயர் பொறித்த கல் தோட்டத்து வளவில் கிடைப்பது அரிது. அது பெரும்பாலும் ஓர் உபதேசியாருடையதாகவோ கங்காணி (தொழிலாளர் மேற்பார்வையாளர்) குடும்பத்தாருடையதாகவோ இருக்கும். வாசித்ததை எமக்கும் எழுதுங்கள்.

கேள்வி: எனக்கு எழுபத்தொரு வயது. மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, 1970களில் பெற்றோருடன் இங்கே வந்துவிட்டேன். என் பூட்டி அந்தத் தோட்டத்து ஆலய வளவில் அடக்கம் செய்யப்பட்டதாக அப்பா சொல்வார். ஆலயம் இப்போது இடிந்துவிட்டதாம். அவருடைய கல்லறையைக் கண்டுபிடிக்க முடியுமா?
– திருச்சி வாசகி

பதில்: அம்மா, இருக்கும் இடத்தை அடி பிசகாமல் காட்டுவேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. ஆனால் உங்கள் பூட்டியின் பெயரைத் தேட ஓர் இடம் இருக்கிறது. அது ஆலயத்தின் பதிவேடு.

தோட்டங்களிலே தமிழருக்கென ஊழியம் செய்ய ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்ற அமைப்பு 1854இல் தொடங்கியது. அதன் பெயரிலுள்ள நடுச்சொல் இன்றும் நெஞ்சில் முள்ளாகத் தைக்கிறது. ஆனாலும் அதன் உபதேசியார்கள், திருநெல்வேலியிலிருந்து வந்த பலர் உட்பட, லயம் லயமாக நடந்து பெயர்களை எழுதிவைத்தார்கள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மூன்று பதிவேடுகள். கல்லறைக்கல் வைக்க வசதி வேண்டும்; பதிவேட்டில் ஏற வசதி வேண்டியதில்லை. துரையின் பிள்ளைக்கும் கொழுந்தெடுப்பவரின் பிள்ளைக்கும் ஒரே அளவு கட்டம்தான். நம்மவர்களுடைய கல்லறைக் கற்கள் அந்த ஏடுகள்தாம் என்று நான் நம்புகிறேன். இடிந்த சுவரைவிட அந்த ஏட்டைக் காப்பதே அவசரமான வேலை என்பதும் என் உறுதியான கருத்து. கறையான் ஒரு மழைக்காலத்தில் ஒரு தலைமுறையைத் தின்றுவிடும்.

ஆலயம் மூடப்படும்போது ஏடுகள் பொதுவாக அயல் சபையின் குருவானவரிடமோ மறைமாவட்ட அலுவலகத்துக்கோ போய்ச்சேரும். மாத்தளையும் கண்டியும் 1950 முதல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் குருநாகல் மறைமாவட்டத்தில் அடங்குகின்றன. நுவரெலியா, பதுளைப் பகுதிகள் கொழும்பு மறைமாவட்டத்தில் இருக்கின்றன. உங்கள் குடும்பம் கத்தோலிக்கராயின் கண்டி மறைமாவட்டத்துக்கு எழுதவேண்டும். இங்கிலாந்துத் திருச்சபை மிஷனரிச் சங்கத்தின் பழைய ஆவணங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. கல்லில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க விரும்பினால், ஜே. பென்ரி லூயிஸ் 1913இல் தொகுத்து அரசு வெளியிட்ட கல்லறைப் பொறிப்புகளின் பட்டியலைப் பார்க்கலாம். ஆனால் அது பெரும்பாலும் ஐரோப்பியரைப் பற்றியது.

எழுதும்போது தோட்டத்தின் தமிழ்ப் பெயரோடு ஆங்கிலப் பெயரையும், டிவிஷனையும் குறிப்பிடுங்கள். நம் தோட்டங்களுக்கு நாம் வைத்த பெயர் ஒன்று, ஏட்டிலுள்ள பெயர் வேறொன்று. பதிவுகள் ஆங்கில எழுத்தில் இருந்தால் ஒரே பெயரைப் பல விதமாகத் தேடவேண்டும். ல, ள, ழ மூன்றும் ஒரே எழுத்தாகியிருக்கும், தகரமும் டகரமும் கலந்திருக்கும், ‘ஞானம்மா’ என்பவர் அதே பக்கத்தில் இரண்டு விதமாக எழுதப்பட்டிருப்பார். வயது குத்துமதிப்பானது; பத்து ஆண்டு முன்னும் பின்னும் பாருங்கள்.

அடக்கப் பதிவோடு நிறுத்திவிடாமல், திருமணப் பதிவையும் கேளுங்கள். எழுதத் தெரியாத மணமக்கள் அதிலே கையொப்பத்துக்குப் பதிலாக ஒரு கீறல் போடுவார்கள். அப்படி ஒரு பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன்: மணமகனுடைய கீறல் அழுத்தமாக, மை தெறித்து இருந்தது, மணமகளுடையது சிறியதாக, ஒரு கோடு மற்றதைத் தொடாமல் நின்றிருந்தது, பக்கத்தில் உபதேசியார் அவள் பெயரை எழுதி ‘இவள் கீறல்’ என்று குறித்திருந்தார். உங்கள் பூட்டியின் பதிவு கிடைத்தால் எழுத்துப்பிரதி மட்டும் போதாது, அந்தப் பக்கத்தின் படத்தையும் அனுப்பும்படி கேளுங்கள். குடும்பத்தாருக்கு உள்ள உறவைக் காட்டும் உங்கள் பிறப்புச் சான்றிதழின் பிரதியையும் கடிதத்தோடு இணைத்துவிடுங்கள்.